ஒண்ணாம் நம்பர்

மதராஸ்,
12-2-1961

வாஹித் பாஷா அவர்களுக்கு,

மாதனூர் வீரபாகு எழுதுவது. பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடக் கை பரபரக்கும். ஒரு தடவை படித்துவிட்டுக் கிழியுங்கள். தூக்கிக்கொண்டு வந்த தபால்காரருக்காவது மரியாதை கொடுத்த மாதிரி இருக்கும்.

நாலு வருஷமாக நான் எழுதவில்லை. எழுத என்ன இருந்தது? உங்கள் பாட்டுக்கு டோலக் அடித்தே வளர்ந்தவனைப் பார்த்து, ஆம்பூர் மார்க்கெட் ஓட்டலில் நாலு பேர் நடுவில், "கூட இருந்தே குழி பறிச்சிட்டான்யா இவன்" என்று சொன்னீர்கள். அன்றைக்குத் தோளில் மாட்டிய டோலக்கை மதராஸில் வந்துதான் இறக்கினேன். இன்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் ரிக்கார்டில் உங்கள் குரல் ஏன் முங்கியது என்று கண்டுபிடித்துவிட்டேன்.

லோகநாதனை ஞாபகம் இருக்கிறதா? ரிக்கார்டு கம்பெனியில் நாம் பாடிய அன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விரலை ஆட்டிக்கொண்டே இருந்தாரே, குடியாத்தத்துக்காரர். டேப்பில் பிடித்த பாட்டை ரிக்கார்டுத் தட்டில் வெட்டுகிற வேலை அவருடையது. இந்தத் தை பிறந்ததும் அவர் அறையிலேயே எனக்கு எடுபிடி வேலை கிடைத்தது. டோலக் அடிக்கிறவனுக்கு மாதம் முழுக்கக் கச்சேரி யார் தருவார்கள்? நேற்று சாப்பாட்டு வேளையில் மனசு கேட்காமல் நம் ரிக்கார்டைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

டேப்பிலிருந்து பாட்டு தட்டுக்குப் போகிற வழியில் இரண்டு பெட்டி இருக்கிறது. ஒன்று ஈக்வலைஸர். அடித்தொனி ஜாஸ்தியானால் அதை மட்டும் கம்மி பண்ணும், மேல்தொனி மங்கினால் தூக்கிக் கொடுக்கும். இன்னொன்று லிமிட்டர். நான் அதற்கு அமுக்கி என்று பேர் வைத்திருக்கிறேன். சத்தம் அளவுக்கு மேல் எகிறினால் ஒரே அமுக்காக அமுக்கிவிடும். இல்லாவிட்டால் ரிக்கார்டில் ஊசி துள்ளும். இரண்டு பெட்டியும் வேண்டும். எது முதலில் என்பதில்தான் வினை.

அமுக்கிக்குக் கண் கிடையாது பாய். டோலக் எது, குரல் எது என்று பார்க்காது. என் இடது கை 'தும்' என்று விழுந்தால் பாட்டையே மொத்தமாக அமுக்கும். என்னோடு சேர்ந்து நீங்களும் அமுங்குவீர்கள். அதற்கப்புறம் ஈக்வலைஸர் வந்து அந்தத் 'தும்'மைக் குறைத்து என்ன பிரயோஜனம்? அமுங்கின குரல் அமுங்கினதுதான். அதுவே முதலில் 'தும்'மைக் குறைத்துவிட்டுப் பாட்டை அமுக்கிக்கு அனுப்பினால், அதற்கு வேலையே அதிகம் இருக்காது. குரல் நின்ற இடத்தில் நிற்கும்.

அமுக்கி முதலில் என்றால் ரிக்கார்டு கடையில் நல்ல சத்தமாகக் கேட்கும் என்று மானேஜர் நினைத்தாராம். குரல் கெடும் என்று லோகநாதன் சண்டை போட்டாராம். கடைசியில் பாடினவரே சொல்லட்டும் என்று இரண்டு மாதிரித் தட்டு வெட்டினார்கள். ஒன்று என்று எழுதினது அமுக்கி முதலில். இரண்டு என்று எழுதினது ஈக்வலைஸர் முதலில். அந்த இரண்டைத்தான் நான் ஆம்பூருக்குக் கொண்டுவந்து, கேட்கக்கூட நேரமில்லாமல் உங்கள் வீட்டில் கொடுத்துவிட்டு, திமிரியில் கல்யாணத்துக்கு வாசிக்க ஓடினேன். மறுநாள் ஆம்பூருக்குத் திரும்பி, மதராஸ் ரயிலில் கிளம்பும்போது நீங்கள் சொன்னதைக் கம்பெனியில் சொன்னேன். வேறொன்றும் நான் செய்யவில்லை.

ஆகவே உங்களை முக்கினது என் கை இல்லை. பெட்டி வரிசை. அதை மட்டும் ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
வீரபாகு


ஆம்பூர்,
20-2-1961

வீரபாகு,

சலாம். எப்போதிலிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? மதராஸ் தண்ணீர் குடித்தால் மரியாதை தானாக வந்துவிடுமா?

உன் கடிதத்தைக் கிழிக்கத்தான் போனேன். முனவ்வர் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அவளுக்கு இன்னும் உன் மேல் பிரியம். பெண்டாட்டியை வைத்துக்கொண்டு நான் யாரோடும் நிம்மதியாகச் சண்டை போட முடியவில்லை.

வரிசையைப் பற்றி எனக்கு நீ பாடம் எடுக்காதே. டேனரியில் தோலை முதலில் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு மயிரைக் கழிக்க வேண்டும், அப்புறம்தான் ஆவாரம்பட்டைத் தண்ணீர். மாற்றிப் போட்டால் மயிரும் போகாது, பதமும் ஏறாது. அப்படி ஒன்று என் மேசைக்கு வந்தால் தடவிக்கூடப் பார்க்க மாட்டேன், ரிஜெக்டில் எறிவேன். இருபது வருஷமாகத் தோலைத் தரம் பிரிக்கிறவனுக்கு வரிசை தப்பினால் என்ன ஆகும் என்று தெரியும்.

ஆனால் நான் உன் கையை எங்கே குற்றம் சொன்னேன்? உன் வாயைத்தான் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன்.

அன்று காலை சர்தார் பாஷா வீட்டிலிருந்து கிராமபோனை இரவல் வாங்கி வந்து இரண்டு தட்டையும் கேட்டேன். முதல் தட்டில் டோலக் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது, நான் அதன் காலடியில் கிடந்தேன். இரண்டாவதைப் போட்டேன். யா அல்லா! என் குரலை நான் கேட்டது அன்றைக்குத்தான். மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. முனவ்வர் அழுதாள். நானும்தான் அழுதேன், எழுதினால் என்ன. வேலைக்குப் போகாமல் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில் நகர்ந்துவிட்டது. உன் ஜன்னலோடு ஓடிக்கொண்டே சொன்னேன். அந்த இரண்டாவது தட்டைச் சொல்லத்தானே செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஓடிவந்தேன்? நீ போய்க் கம்பெனியில் 'ஒண்ணு' என்று சொல்லியிருக்கிறாய். ஏன்? ஒண்ணில் உன் டோலக் தூக்கல். அவ்வளவுதான் விஷயம். ஒண்ணு வேண்டும் என்று என் வாயில் வரவேயில்லை, அல்லா அறிய.

ரிக்கார்டு வந்த அன்று டீக்கடையில் போட்டார்கள். நான் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றேன். ஒருத்தன் சொன்னான், "இன்னாபா இது, பாய் கெணத்துல முங்கி முங்கி எழுந்துக்கிறாரு!" கடை முழுக்கச் சிரிப்பு. அதிலிருந்து எனக்கு 'முங்கி பாய்' என்று பேர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு நான் மேடை ஏறவில்லை. யாரும் கூப்பிடாமல் இல்லை. ஏறினால் சிரிப்பார்கள் என்று ஏறவில்லை.

இதற்கெல்லாம் நீ இப்போது அனுப்பியிருப்பது மூணாம் நம்பர் சமாதானம். என் மேசையில் செல்லாது.

வாஹித்


மதராஸ்,
1-3-1961

வாஹித் பாஷா அவர்களுக்கு,

மூணாம் நம்பராம்! நான் என்ன ஆட்டுத்தோலா, புரட்டிப் பார்த்துத் தள்ளுவதற்கு?

நீங்கள் ஓடிவந்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தீர்கள். நான் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக் காதைக் கொடுத்தேன். "ஒண்ணாம் நம்பர்யா! ஒண்ணாம் நம்பர்! போய்ச் சொல்லிடு!" என்றுதான் கத்தினீர்கள். எங்கம்மா மேல் ஆணை. ரயில் சத்தத்தில் இரண்டு என்பது ஒண்ணு என்று கேட்குமா? அதுவும் இரண்டு தடவை? மறந்துவிடப் போகிறது என்று காட்பாடி வரைக்கும் வாயில் சொல்லிக்கொண்டே போனேன்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். நான் அந்தத் தட்டுகளைக் கேட்கவே இல்லை. எதில் டோலக் தூக்கல் என்றே தெரியாதவன் எப்படிச் சூது பண்ணுவான்? இதைக் கேட்க அன்றைக்கு அந்த ஓட்டலில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றவில்லை. அதுதான் பாய் எனக்கு ஆறவில்லை. ஊரார் சொன்னால் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

உங்கள் அல்லா அறிய நீங்கள் சொல்லவில்லை. எங்கள் சோளிங்கர் நரசிம்மர் அறிய நான் கேட்டேன். அவர்கள் இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும். நான் இனி எழுத மாட்டேன். அண்ணிக்கு என் வணக்கம். குழந்தை ஜஹீதாவுக்கு ஆசீர்வாதம்.

வீரபாகு


ஆம்பூர்,
14-8-1961

வீரபாகு,

முனவ்வர் பேகம் உத்தரவு, எழுதுகிறேன். நம் வழக்கு அப்படியே இருக்கிறது. அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தமில்லை.

ஜஹீதாவுக்கு நிக்காஹ் முடிவாகியிருக்கிறது. வரும் செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. "டோலக் சாச்சா வராம இன்னா கல்யாணம்?" என்று உன்னைக் கேட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். உன் டோலக் உறை மேல் தலை வைத்துத் தூங்கின பிள்ளை. அதற்குக் கல்யாணம் என்றால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

மாப்பிள்ளை பார்த்த கதையைக் கேள். முதலில் பேரணாம்பட்டிலிருந்து ஒரு பையன் வந்தான். ஆள் வாட்டசாட்டம். ஆனால் பேசும்போது கண் எங்கேயோ போகிறது. தோல் மேலுக்கு மட்டும் அப்படிப் பளபளத்தால் உள்ளே புழு என்று அர்த்தம். இரண்டாவதாக வந்தவன் மேல்விஷாரத்துப் பையன். கறுப்புதான். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். குடித்த டீக் கோப்பையை அவனே எடுத்துப் போய் வைத்தான். எனக்கு அங்கேயே மனசு நிறைந்துவிட்டது. அவர்கள் போனதும் உள்ளே போய் ஜஹீதாவிடம், "ஒண்ணாம் நம்பர்மா! முடிச்சிடலாம்!" என்றேன்.

அவ்வளவுதான், 'ஓ' என்று அழுகை! சாப்பிடவில்லை, கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பேஜாராகிவிட்டேன். முனவ்வர் போய்க் கேட்டால், நான் முதலில் வந்த பேரணாம்பட்டுப் பையனைச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டாளாம். இவளுக்குப் பிடித்திருந்ததும் இரண்டாவது பையனைத்தான். எப்படி இருக்கிறது பார்! அப்பன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தால் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அழுகிற பிள்ளை. தாயும் மகளும் என்னைத்தான் திட்டினார்கள். காலம் கெட்டுப் போச்சு.

வருவதானால் வா. வராவிட்டால் பிள்ளைக்கு ஒரு வரி எழுதிவிடு. எனக்கு எழுத வேண்டாம்.

வாஹித்


மதராஸ்,
17-8-1961

டேய் வாஹிது,

உன் கடிதம் வந்தபோது பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்துவிட்டேன். லோகநாதன், என் ஊரில் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் ஏன் அழுதாள் என்று எழுதினாயே, எழுதின கைக்கு உறைக்கவில்லையா? இரண்டாவது பையன், ஒண்ணாம் நம்பர். இரண்டாவது தட்டு, ஒண்ணாம் நம்பர்! ஐயோ வாஹிது, அன்றைக்கு ஜன்னலோடு ஓடிவந்து நீ சொன்னது இதுதானேடா?

உனக்குப் பிடித்ததெல்லாம் ஒண்ணாம் நம்பர். பிரியாணி நன்றாக இருந்தால் ஒண்ணாம் நம்பர். மழை பெய்தால் ஒண்ணாம் நம்பர். நான் ஒரு தாளத்தைச் சுற்றி வந்து சரியாக விழுந்தால், பாட்டுக்கு நடுவில் திரும்பி அதையேதான் சொல்வாய். அதற்காகவே நான் ராத்திரியெல்லாம் பழகியிருக்கிறேன். அப்படிக் கேட்டு வளர்ந்தவன் அன்றைக்கு மட்டும் அதை எண்ணாகக் கேட்டுத் தொலைத்தேனே! தட்டு மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒண்ணு, ரெண்டு என்று கொட்டையாக எழுதியிருந்தது. என் தலை முழுக்க அதுதான் இருந்தது. நீ தரத்தைச் சொன்னாய். நான் நம்பரைக் கேட்டேன். கம்பெனியில் போய் நம்பரையே சொன்னேன்.

நீயும் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. எவனாவது ஒரு பொய்யன் இருந்திருந்தால் அவனை நாலு சாத்து சாத்திவிட்டாவது மனசு ஆறியிருக்கும். இப்போது யாரைப் போய் உதைப்பது? நாலு வருஷம் போச்சே வாஹிது. உன் மேடை போச்சு. பொழுது விடிந்தால் யார் முகத்தில் முழிப்பது என்று தெரியாமல் இந்த ஊரில் நான் கிடக்கிறேன்.

லோகநாதனிடம் அப்போதே சொன்னேன். மனுஷன் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தார். அப்புறம் டேப்பைத் தேடினார். அது இல்லை. டேப்புக்குப் பஞ்சம், வேலை முடிந்தால் அதன் மேலேயே அடுத்ததைப் பிடித்துவிடுவார்கள். நம் பாட்டின் மேல் ஒரு நாடகம் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் அந்த இரண்டாவது மாதிரித் தட்டு உன் வீட்டில்தானே இருக்கிறது? அது போதும் என்கிறார். அதை ஓட்டி, அதிலிருந்தே புதிதாக ஒன்று வெட்டித் தருகிறேன் என்கிறார். பெட்டிகளை நானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வேன். முதலில் 'தும்', அப்புறம் அமுக்கி. தப்பவே விட மாட்டேன். அந்த டீக்கடையிலேயே கொண்டு போய்ப் போடலாம். சிரித்தவன் எவனோ அவனே உட்கார்ந்து கேட்கட்டும்.

ஒரே ஒரு விஷயம். அது கடையில் விற்கிற ரிக்கார்டு மாதிரி கெட்டி இல்லை. மேலே மெழுகு மாதிரி மெத்தென்று ஒரு பூச்சு, அவ்வளவுதான். உன் ஊர் கிராமபோன் ஊசி நாலைந்து தடவை ஓடினாலே பள்ளம் தேய்ந்துவிடும். ஆசையாக இருக்கிறது என்று போட்டுக் கேட்காதே. பழைய வேட்டியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைக்காமல் பீரோவில் வை. நிக்காஹுக்கு வந்து நானே எடுத்துப் போகிறேன். அது சரிப்படாவிட்டாலும் கவலை இல்லை. நீ மறுபடி மதராஸ் வா, மறுபடி பாடு. மானேஜர் காலில் விழுந்தாவது ஏற்பாடு பண்ணுகிறேன்.

ஜஹீதாவுக்குச் சொல், டோலக் சாச்சா வர்றேன்.

உன் வீரபாகு


ஆம்பூர்,
22-8-1961

என் தோஸ்த் வீரபாகுவுக்கு,

உன் கடிதத்தை ஜஹீதாதான் சத்தமாகப் படித்தாள். 'ஒண்ணாம் நம்பர்' வந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். முனவ்வர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும்" என்றாள்.

பிள்ளை அழுத கதையை உனக்கு எழுதும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தோலைப் பார்த்தவுடன் தரம் சொல்வேன், ஆளைப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஓட்டலில் உன்னைச் சொன்னதை நான் எந்தத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவேன்? கேட்டவர்களில் பாதிப் பேர் இப்போது ஊரிலேயே இல்லை. இருக்கிறவர்களிடம் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். நேற்றே ஆரம்பித்துவிட்டேன். சர்தார் பாஷா, "இதைச் சொல்றதுக்கா வந்தே?" என்று டீ கொடுத்தான். குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்றுதான் இரண்டு நாளாகக் கடிதத்தைத் தொடாமல் இருந்தேன்.

அது பீரோவில்தான் இருக்கிறது. உடையவில்லை, கீறல்கூட இல்லை. ஆனால் நீ போன பிறகு அதைத்தானே நான் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் போட்டுக் காட்டினேன்? "கேளுங்க, நான் கேட்டது இதை. அந்தப் பய மாத்திட்டான்" என்று. உறவுக்காரர்களுக்குப் போட்டேன், டேனரி ஆட்களுக்குப் போட்டேன், வழி கேட்டு வந்தவனைக்கூட உட்கார வைத்துப் போட்டேன். மெத்தென்ற பூச்சு என்று எனக்கு யார் சொன்னார்கள்? குரல் மங்க மங்க, கிராமபோன்தான் சரியில்லை என்று சர்தார் பாஷாவிடம் சண்டை போட்டேன். உன்னைப் பொய்யன் என்று நிரூபிக்க நிரூபிக்க என் குரல் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது வீரபாகு.

உன் கடிதம் வந்த அன்று நீ வேண்டாம் என்று சொல்லியும் ஒரு தடவை போட்டேன். முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம் வந்தது. அதற்குள் ரொம்ப தூரத்தில் யாரோ ஒருத்தன் பாடுகிறான். நான்தான் என்று தெரிந்ததால் கேட்டது. லோகநாதனுக்கு ஆகாது. அவருக்கு என் சலாம் சொல். எனக்காக மானேஜரிடம் சண்டை போட்டாராமே.

மறுபடி பாடச் சொல்கிறாய். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாடாமல் சும்மா விட்ட தொண்டையில் டேனரியின் ஆவாரம்பட்டைத் தூசி வந்து குடியேறிவிட்டது. ஒரு வருஷமாக இரைப்பு. இரண்டு வரி நான் எடுத்தால் மூன்றாவது வரியை இருமல் எடுத்துக்கொள்கிறது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியிலும் காட்டினேன். பேசலாம், பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நீ கொஞ்சம் முன்னால் எழுதியிருந்தால் என்று நினைக்கிறேன். பிறகு, நான் கொஞ்சம் முன்னால் கேட்டிருந்தால் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நீ வா. முதல் நாளே வா. டோலக்கை மறக்காமல் கொண்டு வா. முனவ்வரும் பக்கத்து வீட்டு மஹ்பூபியும் மற்றப் பெண்களும் பாடுவார்கள். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், நாம் உட்காருகிற மாதிரியே, உன் வலது பக்கம்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உன் கை எப்போதும் என் குரலுக்கு இடம் விட்டு விட்டுத்தான் விழும். அது எனக்குத் தெரியும், முன்பும் தெரியும். பழக்கத்தில் அன்றைக்கும் அப்படி விட்டுவிடாதே, பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காலி இடத்தைக் கேட்க என்னால் ஆகாது. முங்குவதற்கு அங்கே யாரும் இல்லை. ஓங்கியே அடி.

உன்
வாஹித்